1952-இல் வந்த 'ட்ரிக் ஆர் ட்ரீட்' கார்ட்டூனில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியில் நீங்கள் சொல்வது டொனால்ட் டக் வரும், டிஸ்னியின் 8 நிமிட ஹாலோவீன் படம். சூனியக்காரி, பேய், பல்லை இளிக்கும் பூசணிக்காய் எல்லாம் இருந்தும் குழந்தைகள் பயப்படாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களே, எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படத்தில் பயமுறுத்துகிற கூட்டம் முழுக்கக் குழந்தைகள் பக்கம் நிற்கிறது. பயப்பட வேண்டிய ஒரே ஆள் வீட்டுக்குள் இருக்கும் பெரியவன். அவனும் வாங்கும் ஒவ்வொரு அடியையும் தானே வலியப் போய்க் கேட்டு வாங்குகிறான். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பின்னணி கொஞ்சம். அக்டோபர் 31 இரவு அமெரிக்கக் குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மணி அடிப்பார்கள். மிட்டாய் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் ஏதாவது குறும்பு செய்வோம் என்பது மிரட்டல். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே சர்க்கரைக்கு ரேஷன் இருந்ததால் இந்த வழக்கம் ஒடுங்கிக் கிடந்தது. 1947 ஜூனில் ரேஷன் நீங்கிய பிறகு, புதிதாக முளைத்த புறநகர்க் குடியிருப்புகளில் மறுபடி சூடு பிடித்தது. படம் வெளியான 1952 அக்டோபர் 10-இல் பல வீடுகளுக்கு இது இன்னும் புதுப் பழக்கம்தான். அதனால்தான் தொடக்கப் பாட்டு விதிகளை எல்லாம் பிட்டுப் பிட்டு வைக்கிறது: மணி அடித்தால் கதவைத் திற, நல்லதாகக் கொடு, கஞ்சத்தனம் செய்தால் கெட்ட கனவு பலிக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது. ஹாலோவீன் என்றால் என்னவென்றே தெரியாத நம் ஊர்க் குழந்தைக்கும் படம் புரிவது இந்தப் பாட்டால்தான்.

அடுத்து அந்த ஒப்பந்தத்தை டொனால்ட் மீறுகிறான். வாசலில் நிற்பது ஹ்யூயி, டியூயி, லூயி. மூவரும் அவனுடைய சகோதரியின் பிள்ளைகள், அதாவது இவன் தாய்மாமன். தாய்மாமன் வீட்டு வாசலில் நின்று வெறும் பையோடு திரும்புவதென்றால் நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். அவன் ஒன்றும் இல்லாதவனும் அல்ல. ஸ்டோர் ரூம் நிறையத் தின்பண்டம் இருக்கிறது. ஆனாலும் பைக்குள் பட்டாசைப் பற்றவைத்துப் போடுகிறான். பிறகு கயிற்றை இழுத்து, தலைக்கு மேல் இருக்கும் வாளித் தண்ணீரைக் கொட்டுகிறான். குறும்பு செய்யும் உரிமை குழந்தைகளுடையது. அதைப் பெரியவன் பிடுங்கிக்கொண்டான். இனி அவனுக்கு என்ன நடந்தாலும் பார்க்கிறவர் மனசாட்சி உறுத்தாது. கதை எழுதிய ரால்ஃப் ரைட்டும் இயக்கிய ஜாக் ஹன்னாவும் இந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுகிறார்கள். பல நகைச்சுவைப் படங்கள் சொதப்புவது இந்த இடத்தில்தான். அடி வாங்குகிறவன் மேல் பரிதாபம் வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

நடைபாதை ஓரம் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, பீல்செபப் என்ற துடைப்பத்தில் பறந்துவந்த சூனியக்காரி ஹேசல் இறங்குகிறாள். அவள் உடனே மந்திரம் போடுவதில்லை. முதலில் தானே போய்க் கதவைத் தட்டி நியாயம் கேட்கிறாள். டொனால்ட் அவளையும் வேஷம் போட்ட ஆள் என்று நினைத்து மூக்கைப் பிடித்து ரப்பர் மாதிரி இழுத்துவிட்டு, அதே வாளித் தண்ணீரை அவள் தலையிலும் கவிழ்க்கிறான். அந்த ஒரு வாளித் தண்ணீரால் பிள்ளைகளின் வழக்கு அவளுடைய சொந்த வழக்காகிவிடுகிறது.

பிறகு கொப்பரையில் கஷாயம் காய்ச்சும் காட்சி. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில், நான்காம் அங்கத்தின் முதல் காட்சியில், சூனியக்காரிகள் பல்லியின் கண்ணையும் தவளையின் விரலையும் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். இங்கே கொப்பரையில் விழுவது ஊசி, ஷூ, கடிகார முள், பாட்டில், கோட்டு. ஆங்கிலத்தில் இவற்றின் பாகங்களுக்குக் கண், நாக்கு, கை, கழுத்து, வால் என்று பெயர் உண்டு என்பதால், அறுத்துப் போட ஒரு உயிர்கூட இல்லாமலேயே பழைய மந்திரத்தின் சந்தம் அப்படியே நிற்கிறது. நிஜமாக உயிருள்ளதிலிருந்து வருவது ஆட்டுக் கிடாயின் தாடி மயிர் மட்டும்தான். அருவருப்பை எடுத்துவிட்டுச் சடங்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படத்திலேயே மிக நறுவிசான எழுத்து இது.

அந்தக் கஷாயத்தை ஊற்றுவது ஒரு ஃபிளிட் பம்பில். கொசுவுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து அடிக்க நம் வீடுகளிலும் இருந்ததே, முன்னால் ஒரு தகர டப்பாவும் பின்னால் இழுத்து அழுத்தும் கைப்பிடியும் வைத்தது, அதேதான். மந்திரக்கோலைக் கொடுக்காமல் இதைக் கொடுத்ததில் பெரிய லாபம் இருக்கிறது. கோலை ஆட்டினால் உடனே பலன் வந்துவிடும், நடுவில் ஒன்றும் நடக்காது. பம்புக்கு இரண்டு கை வேண்டும். கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அழுத்த வேண்டும், மருந்து புகையாகப் போய் ஒட்ட வேண்டும். இழுக்கும்போது 'வரப்போகிறது' என்று நமக்குத் தெரிகிறது, அழுத்தும்போது 'போய்விட்டது' என்று தெரிகிறது. அனிமேஷனில் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் அதற்கு எதிர்த்திசையில் ஒரு தயாரிப்பு அசைவு வைப்பார்கள். இந்தப் பம்பு அதைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது.

பம்பு அடித்ததும் வாசலில் இருக்கும் பூசணிக்காயும் மற்ற பொருள்களும் உயிர்பெற்று டொனால்டை மிரட்டுகின்றன. படத்தின் சுமாரான பகுதி இதுதான் என்று சொல்வேன். அலறுவதைத் தவிர அவனுக்கு இங்கே வேலை இல்லை.

ஆனால் அதன் முடிவில் வரும் ஒரு நொடிக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். டொனால்ட் பணிந்துவிடுகிறான். தின்பண்டம் தர ஒப்புக்கொள்கிறான். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அப்போது ஹேசல் வாயை மூடிக்கொண்டு இருக்காமல், 'இவ்வளவுதானா இவன், லேசாக மிரட்டியதற்கே சாய்ந்துவிட்டானே' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை விடுகிறாள். அது டொனால்ட் காதில் விழுகிறது. அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வர, ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிடுகிறான். மீதிப் படம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் விளைவு. பயத்தை ஜெயிக்காதவன் மானத்துக்காகத் திரும்பி நிற்கிறான். டொனால்டின் குணத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் குறைவு. இதே இடத்தில் மிக்கி மவுஸ் இருந்திருந்தால் மிட்டாயைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பான், படமும் ஐந்தாவது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது கால்கள். ஹேசல் மருந்தை டொனால்டின் கால்களில் மட்டும் அடிக்கிறாள். சாவியை உதைத்து வெளியே தள்ளும்படி கால்களுக்கு உத்தரவு போடுகிறாள், அவன் விருப்பத்தைக் கேட்காமல் அவை ஆடத் தொடங்குகின்றன. இந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு, திரையில் டொனால்டின் மேல்பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். கால்கள் தேர்ந்த நடனக்காரருடையவை, தாளம் தப்பாது. இப்போது கீழ்ப்பாதியை மறைத்துப் பாருங்கள். மேலே இருப்பவன் இழுபடுகிறான், கைகள் ஒரு கணம் தாமதித்து வருகின்றன, முகத்தில் கோபமும் திகைப்பும் மாறி மாறி வருகின்றன. ஒரே உடம்பில் இரண்டு பேரை நடிக்க வைத்திருக்கிறார்கள். இதைக் கையால் வரைந்து செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு: நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்றால் 8 நிமிடத்துக்கு 11,520 சட்டங்கள். வழக்கமாக வரைந்த ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்துவார்கள். நடனம் மாதிரி வேகமான இடங்களில் சட்டத்துக்கு ஒரு படம் தேவைப்படும். யூடியூபில் நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். உடல் எந்த இடத்தில் நீண்டு, எந்த இடத்தில் சுருங்குகிறது என்பதை அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

சாவி வெளியே வந்ததும் டொனால்ட் அதைக் கதவிடுக்கு வழியாக ஸ்டோர் ரூமுக்குள்ளேயே தள்ளிவிடுகிறான். சரி, அப்படியானால் கதவை நீயே உடை என்கிறாள் ஹேசல். முதல் மோதலில் கதவு அசைவதில்லை. ஒன்றிரண்டு மைல் பின்னால் போய் ஓடிவரச் சொல்கிறாள். கதவு உடைகிறது, டொனால்ட் மயங்கி விழுகிறான், பிள்ளைகள் பண்டங்களை அள்ளுகிறார்கள். அவனைத் தேற்ற யாரும் வரவில்லை. தேற்றாமல் விட்டது சரியான முடிவு. கடைசியில் மந்திரப் பூசணிக்காய் திடீரென்று திரையை அடைத்துக்கொண்டு நம்மைப் பார்த்து 'பூ' என்று கத்திவிட்டுச் சிரிக்கிறது.

குரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேசலுக்குப் பேசியவர் ஜூன் ஃபோரே. கரகரப்பும் கனிவும் ஒரே குரலில் வருவதால்தான் பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவது நம்பும்படி இருக்கிறது. வார்னர் பிரதர்ஸின் பக்ஸ் பன்னி படங்களிலும் இதே பெயரில் ஒரு சூனியக்காரி உண்டு. 1954-இல் அவளுக்கு வேறொருவர் பேசினார், 1956-இல் ஜூன் ஃபோரேயே பேசினார். இரண்டு பாத்திரங்களையும் பலர் குழப்பிக்கொள்வது இதனால்தான். டொனால்டுக்குக் குரல் 1934 முதல் பேசிவந்த கிளாரன்ஸ் நாஷ். பாட்டைப் பாடியது மெல்லோமென் குழு. அதன் அடிவயிற்றுக் குரல் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்டுடையது. காட்சி அமைப்பைச் செய்த யேல் கிரேசி, பிற்பாடு 1969-இல் டிஸ்னிலேண்டில் திறந்த பேய் மாளிகையின் மாயக்காட்சிகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அந்த மாளிகையின் பாட்டிலும் ரேவன்ஸ்கிராஃப்டின் குரல் இருக்கிறது.

பார்ப்பதற்கு முன் டிவியில் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். படம் 4:3 அளவில் எடுத்தது. 16:9 திரையில் இழுத்து நிரப்பினால் டொனால்ட் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவான். 'ஜூம்' வைத்தால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும், நடனக் காட்சியில் கால்களே தெரியாமல் போகலாம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும், அதுதான் சரியான அளவு. இன்னொன்று வேகம். நம் பழைய டிவி முறைக்காக நொடிக்கு 25 சட்டமாக ஓட்டிய பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றில் 8 நிமிடத்துக்குச் சுமார் 19 நொடி குறையும், குரலும் சற்று மெலியும். ஹேசலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, பாட்டின் அடிக்குரல்தான் சப்பென்று ஆகிவிடும்.

நான்கைந்து வயதுக் குழந்தைக்குத் தாராளமாகக் காட்டலாம். பைக்குள் பட்டாசு போடும் இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தீபாவளியும் அதே பருவத்தில்தான் வருகிறது.

படம் பிடித்துப்போனால் அதே ஆண்டு கார்ல் பார்க்ஸ் வரைந்த காமிக்ஸ் வடிவத்தையும் தேடிப் படியுங்கள். பார்க்ஸும் ஹன்னாவும் முன்பு டிஸ்னி கதைப் பிரிவில் சேர்ந்து வேலை செய்தவர்கள். படத்தின் கதை காமிக்ஸ் பக்கங்களை நிரப்பப் போதாததால், பல கைகள் கொண்ட ஸ்மோர்ஜி என்ற ராட்சசனைப் பார்க்ஸ் புதிதாகச் சேர்த்தார். பதிப்பாசிரியர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பிற்காலத் தொகுப்புகளில்தான் அது மறுபடி சேர்ந்தது. வாங்கும்போது ஸ்மோர்ஜி இருக்கும் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.