ஏ4 பிடிஎஃப் படிக்க 8.3 அங்குல ஐபேட் மினியா, 11 அங்குல ஐபேடா?

11 அங்குலமே வாங்குங்கள். ஏ4 பாடநூலைப் படித்து ஓரத்தில் குறிப்பும் எழுத மினி பத்தாது.

கடையில் மினியில் எழுத்து நன்றாகத் தெரிந்தது என்கிறீர்கள். அங்கே பார்த்தது இணையப் பக்கமாக இருக்கும். அது திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படியே சுருங்கும். ஏ4 அகலம் 21 செ.மீ., மினியின் திரை சுமார் 11.5. அதாவது 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். 11 அங்குலத்தில் 9 புள்ளி, சமாளிக்கலாம்.

சந்தேகமா? மடிக்கணினியில் உங்கள் பாடநூலைத் திறந்து, பக்கத்தின் அகலம் திரைமேல் வைத்த ஸ்கேலில் 11.5 செ.மீ. வரும்வரை சுருக்குங்கள். தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் 15.5 செ.மீ.க்கு விரியுங்கள்.

ஒரு விதிவிலக்கு: படிப்பது பெரும்பாலும் இபப் (EPUB, திரைக்கேற்ப மடங்கும் மின்னூல்) நூல்கள், அதுவும் படுத்துக்கொண்டே என்றால் மினிதான். 300 கிராம்கூட இல்லை. பெரியது சுமார் 450, கை கடுக்கும்.