தோற்கிற டீமும் ஜெர்சி கொடுத்த கவுன்சிலரும்

கேள்வி: எங்கள் ஏரியா கால்பந்து டீம் இந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் அங்கேதான் போகிறது. கவுன்சிலர் தன் படம் போட்ட ஜெர்சி கொடுத்ததோடு சரி, மைதானத்தைக் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் விட்டுத் தொலைக்கலாமா அண்ணே?
- செல்லூர் வாசகர்

பதில்: விட முடிந்தால் கேட்டிருக்கவே மாட்டீர்களே தம்பி! நானும் இதே கேஸ்தான். எங்கள் பக்கம் ஒரு பொதுக்கூட்டம் முடிந்து பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், குழியை மூடவில்லை. அடுத்த ஞாயிறு பந்தைப் பிடிக்கப் பாய்ந்த எங்கள் கோல்கீப்பர் முழங்கால்வரை அதற்குள் இறங்கி நிற்க, பந்து அவரைத் தாண்டி மெதுவாக, கோபமே வராத அளவுக்கு மெதுவாக, உள்ளே உருண்டது. கடைசியில் குழியை மூடியது டீக்கடைக்காரர்தான், இரண்டு சட்டி மண் போட்டு.

டீமை விடாதீர்கள். சேது எஃப்சி பெண்கள் டீம் நம் பக்கத்திலிருந்து கிளம்பி 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே தூக்கியது, அன்றைக்கு மதுரையில் எத்தனை பேர் அதைப் பேசினோம்? (ஜல்லிக்கட்டு என்றால் மட்டும் விடிய விடியப் பேசுவோம்.)

கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஜெர்சி கேட்பதை நிறுத்துங்கள், அது அவருக்குத்தான் விளம்பரம். மாநகராட்சியில் 100 வார்டு, எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அதனால் வாயால் சொல்லாமல் டீம் பசங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் ஏரியா சபைக் கூட்டம் (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறையைச் சொல்லும் கூட்டம்) நடந்தால் ரசீதோடு போய் நில்லுங்கள். அந்த ஜெர்சியையே போட்டுக்கொண்டு போங்கள், தன் படத்தைத் தானே பார்க்கட்டும்.