சட்டம் கேளுங்கள்: “நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க”

கேள்வி: நான் திருநங்கை. வீடு கடலூரில், வேலை புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பேக்கிங் யூனிட்டில். புடவை கட்டி வரத் தொடங்கியதிலிருந்து ஷிப்ட் தராமல் உட்கார வைக்கிறார்கள். “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, செட்டில்மென்ட் உடனே கிடைக்கும்” என்கிறார் ஹெச்.ஆர். நான் எங்கே புகார் செய்வது, கடலூரிலா புதுச்சேரியிலா?
– பெயர் வேண்டாம்

பதில்: முதல் வேலை, எழுதிக் கொடுக்காமல் இருப்பது. நாலு வரி ராஜினாமா போதும், “நாங்கள் அனுப்பவில்லை, அவராகப் போனார்” என்று நிர்வாகம் சொல்லிவிடும். வெற்றுத் தாளில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தால், வாங்கிய தேதியையும் ஆளையும் குறிப்பிட்டு, “இது என் சம்மதம் அல்ல” என்று இன்றே மெயில் போடுங்கள்.

திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரி 10-ல் அமலுக்கு வந்தது. மத்தியச் சட்டம் என்பதால் தமிழ்நாடு–புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு உட்பட வேலை சார்ந்த எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 9. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். வேலைத்தலம் புதுச்சேரியில் இருப்பதால் அங்குள்ள தொழிலாளர் துறையைத்தான் அணுக வேண்டும். தமிழ்நாட்டுத் திருநங்கையர் நல வாரியம் இந்தக் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது.

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது பிரிவு 11. புகார் வந்த 15 நாளுக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் நிர்வாகத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன 2020-ன் விதிகள். பல இடங்களில் அப்படி ஒரு ஆளே இருக்க மாட்டார். ஆனாலும் “புகார் அலுவலர், மேற்படி நிறுவனம்” என்றே முகவரி எழுதி, நகலை நிர்வாக இயக்குநருக்கும் அனுப்புங்கள். ஆள் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்கு ஒரு சாட்சியம்.

புகாரில் “என்னை அவமானப்படுத்துகிறார்கள்” என்று மட்டும் எழுதினால் நிற்காது. எந்தத் தேதியிலிருந்து ஷிப்ட் இல்லை, சொன்னது யார், எந்த வார்த்தையில், அதே லைனில் உங்களோடு சேர்ந்தவர்களுக்கு இப்போது எத்தனை ஷிப்ட் என்று வரிசையாக எழுதுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், வருகைப் பதிவின் போட்டோ ஆகியவற்றின் நகலை இணையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல், உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பழைய போனை விற்றுவிடாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தினமும் வேலைக்குப் போங்கள். கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே, “வந்தேன், அனுமதிக்கவில்லை” என்று மெயில்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகன் தன்பாலீர்ப்பாளன். புதுச்சேரியில் தனியார் கம்பெனியில் இருக்கிறான். தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறான். 377 போய்விட்டதே, இனி பயமில்லைதானே?
– ஒரு அம்மா, நெல்லிக்குப்பம்

பதில்: தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமில்லை என்றது. அதனால் போலீஸ் பயம் குறைந்தது. முதலாளி பயம் குறையவில்லை, அம்மா. அரசு வேலையாக இருந்தால் அரசியல் சட்டத்தின் 14, 15, 16 பிரிவுகளைக் காட்டி உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் கம்பெனியில், பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2019-ன் சட்டம் திருநர்களுக்கு மட்டும்தான். பணியிடப் பாகுபாட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்ற விவாதமே இந்த ஓட்டையைப் பற்றித்தான்.

பாலீர்ப்பு அந்தரங்க உரிமையில் அடக்கம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹெச்.ஆர். கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் மகனுக்கு இல்லை. கம்பெனிக் கையேட்டில் பாகுபாடு தடுப்புக் கொள்கை இருந்தால், அதில் ‘பாலீர்ப்பு’ இடம்பெற்றிருக்கிறதா என்று சத்தமில்லாமல் பார்த்து, ஒரு நகலை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் ஏழு பேர்தான். பத்துப் பேர் இருந்தால்தானே திருநர் சட்டம்? எங்களுக்குமா?
– கடை உரிமையாளர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஆமாம். பத்துப் பேர் என்ற கணக்கு, பெண்களுக்கான பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தில் உள்விசாரணைக் குழுவுக்கு. திருநர் சட்டத்தில் தலைக்கணக்கு கிடையாது. பிரிவு 3 தனிநபரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. சம வாய்ப்புக் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள், புகார் வாங்குபவரின் பெயரோடு. ஒரே கழிப்பறை என்றால் உள்ளே நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், ஆண்–பெண் போர்டைக் கழற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் கொண்டுவந்தால் பொய்ப் புகார் பெருகாதா? ஆள் எடுக்கவே முதலாளிகள் பயப்படுவார்களே?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பயப்பட இப்போது என்ன இருக்கிறது? 2019-ல் இயற்றியபோது பிரிவு 9-ஐ மீறுவதற்கென்று தனியாக ஒரு ரூபாய் அபராதம்கூட வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தைப் பாருங்கள்: எந்தப் பிரிவை மீறினாலும் முதல் முறை ரூ.10,000 வரை, அடுத்த முறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம். அதனால் யாரும் கடையை மூடிவிடவில்லை.

பணியிடப் பாகுபாட்டில் பெரும்பாலும் கேட்கப்படுவது வேலையும் நின்றுபோன சம்பளமும்தான், சிறை அல்ல. வருகைப் பதிவும் வேலைத் தர அறிக்கையும் ஒழுங்காக வைத்திருக்கும் முதலாளி, நீக்கியதற்கான காரணத்தை ஒரு ஃபைலில் காட்டிவிடலாம். காட்ட எதுவும் இல்லாதவருக்குத்தான் சங்கடம். வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது. கொள்கை வரட்டும், அதோடு அபராதமும் ‘பாலீர்ப்பு’ என்ற சொல்லும் சட்டத்திலேயே ஏற வேண்டும் என்பது எங்கள் கருத்து.