மாதா மாதம் அதே வரைபடமா?

கேள்வி: 12 கருவிகள் பதிவுசெய்யும் வெப்பநிலையை மாதா மாதம் எக்ஸெல்லில் வரைபடமாக்கி அறிக்கையில் ஒட்டுகிறேன். நிறம், தலைப்பு, அச்சு என்று ஒவ்வொன்றையும் மவுஸால் சரிசெய்வதிலேயே அரை நாள் போய்விடுகிறது. பைத்தான் நிரல்மொழியில் எழுதிவிடு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். நிரல் எழுதிப் பழக்கமில்லாத எனக்கு இது தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. ஒரே ஒருமுறை வேண்டிய படமென்றால் எக்ஸெல்லே போதும் என்றிருப்பேன். உங்களுடையது திரும்பத் திரும்ப வருகிற வேலை.

மேட்பிளாட்லிப்பில் தொடங்குங்கள். ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்காக உருவாக்கி 2003-ல் வெளியிட்ட நூலகம் அது; அதாவது, பைத்தானில் வரைபடம் போடுவதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு. கோப்பைப் படி, கோடு போடு, அச்சுக்குப் பெயர் வை, படமாகச் சேமி: முதல் நிரல் பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். செங்குத்து அச்சின் எல்லையை நீங்கள் சொல்லாவிட்டால், தரவைப் பார்த்து நூலகமே முடிவு செய்துகொள்ளும். ஒரு மாதம் வெப்பநிலை 24 முதல் 27 வரை, அடுத்த மாதம் 18 முதல் 38 வரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படத்திலும் கோடு ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு ஏறி இறங்கும். 3 டிகிரி மாற்றமும் 20 டிகிரி மாற்றமும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அச்சு 15-லிருந்து 40 வரை என்று நிரலில் ஒருமுறை எழுதிவிடுங்கள். எல்லா மாதமும் ஒரே அளவுகோலில் வரும்.

நேரம் மிச்சமாவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சில வெப்ப உணரிகளில் இணைப்பு விட்டுப்போனால் மைனஸ் 127 என்று பதிவாகும். எக்ஸெல்லில் அந்த வரியை அழித்துவிட்டால் அழித்த சுவடே இருக்காது. நிரலில் ‘மைனஸ் 127 வந்தால் விட்டுவிடு’ என்பது ஒரு வரியாக நிற்கும். எதை நீக்கினீர்கள் என்று யார் கேட்டாலும் அந்த வரியைக் காட்டலாம். ஏன் நீக்கினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பாக எழுதி வையுங்கள்.

கேள்வி: மேட்பிளாட்லிப்பில் தமிழ்த் தலைப்பு வைத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. எழுத்துருவை மாற்றினாலும் ‘கெ’ உடைகிறதே?

பதில்: அதில் இயல்பாக இருக்கும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது; கட்டங்கள் அதனால்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் எழுத்து வரும். ஆனால் மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் குறிகளை வரிசையாக அடுக்குவதோடு சரி, கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. படத்தை எஸ்விஜி (SVG) கோப்பாகச் சேமித்து, எஸ்விஜி எழுத்துரு அமைப்பை (svg.fonttype) ‘none’ என்று மாற்றுங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும், உலாவி அதைச் சரியாகக் காட்டும். பிஎன்ஜி (PNG) படம்தான் வேண்டுமென்றால், 1986-லிருந்து புழக்கத்தில் உள்ள நியூபிளாட் (gnuplot) என்ற வரைபட மென்பொருளின் கெய்ரோ (pngcairo) வெளியீட்டில் தமிழ் உடையாமல் வரும்.