பசியே இல்லாமல் ஏன் சாப்பிடுகிறேன்?

கேள்வி: பகல் முழுக்க வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். இரவில் எல்லோரும் தூங்கியபின், பசியே இல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுகிறேன். காலியாகும்வரை நிறுத்த முடிவதில்லை. மேலதிகாரி திட்டிய நாட்களில் இன்னும் மோசம். அப்புறம் என்மீதே வெறுப்பாகி, மறுநாள் காலை பட்டினி கிடக்கிறேன். எனக்கு மனஉறுதி போதாதா?

பதில்: பகல் முழுக்க வாயைக் கட்டுகிறவருக்கு மனஉறுதி இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தக் காலைப் பட்டினிதான்.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. உடலும் மனமும் திடமாக இருந்த 36 ஆண்களுக்குச் சுமார் ஆறு மாதம் உணவைப் பாதியளவாகக் குறைத்துக் கொடுத்தார்கள். நாளாக ஆக, அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே பெரிதாகிப்போனது. கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு முட்டிய பின்னும் பலரால் நிறுத்த முடியவில்லை. பட்டினி போட்ட உடல் அப்படித்தான் கேட்கும். உங்கள் இரவின் பாதிக் காரணம் உங்கள் பகலில் இருக்கிறது.

மீதிப் பாதி மனது. அழுத்தம் நீடிக்கும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி, இனிப்பும் கொழுப்பும் உள்ளவற்றின்மேல் ஆசையைக் கிளப்புகிறது. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும். சாப்பிட்டதும் சில நிமிடம் மனது உண்மையாகவே லேசாகிறது. அதை மூளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது. வயிற்றுப் பசி மெல்ல வரும், எது கிடைத்தாலும் அடங்கும். மனதின் பசி சட்டென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

என்ன செய்யலாம்? நேற்று இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் சரி, இன்று காலை சாப்பிடுங்கள். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். எடை கூடிவிடுமோ என்று பயமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

இரவில் கை பாக்கெட்டுக்குப் போகும்போது ஒரு தாளை எடுத்து, அன்று நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள். ‘எல்லோர் முன்னாலும் திட்டினார், என்னால் பதில் பேச முடியவில்லை.’ இப்படி எழுதும்போது கை நடுங்கலாம், அழுகை வரலாம். வரட்டும். அது இத்தனை நாள் விழுங்கிய கோபம். நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் கழித்தும் ஆசை இருந்தால், வேண்டியதைத் தட்டில் எடுத்துவைத்து, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை.

இப்படிக் கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாகத் தொடர்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை, இதற்கு நல்ல பலன் தருகிறது. சாப்பிட்டதை வலிந்து வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரைப் பார்ப்பதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் போனால் ‘எடை குறையணும்’ என்பதோடு நிறுத்தாமல், இரவில் நடப்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் ஒரு டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பக்கூடும். நீங்கள் மறுபடி பட்டினியிலிருந்து தொடங்க வேண்டிவரும்.