ரூட்தானே எழுதப்போகிறார்?

வணக்கம் சார்,

லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாட்யூல் எழுதிப் பழகுகிறேன். ப்ராக்கில் (கர்னலோடு பேச உதவும் மெய்நிகர் கோப்பகம்) ஒரு கோப்பு வைத்து, யூசர் அதில் எழுதும் சொல்லை 64 பைட் லோக்கல் பஃபரில் (தற்காலிக நினைவிடம்) வாங்கி லாகில் அச்சிடுகிறேன். யூசரின் நினைவகத்திலிருந்து நகலெடுக்க காப்பி_ஃப்ரம்_யூசர்தான் பயன்படுத்துகிறேன், 64க்கு மேல் வந்தால் வெட்டிவிடுகிறேன். இருந்தும் சொல்லுக்குப் பின்னால் சில சமயம் குப்பை எழுத்துகள் வருகின்றன. 'ஆன்' என்று எழுதினால் ஸ்ட்ரிங் ஒப்பீடு பொருந்துவதே இல்லை. என் நண்பரோ, "அந்தக் கோப்பில் முழு அதிகாரமுள்ள ரூட் மட்டும்தானே எழுத முடியும், ஏன் மெனக்கெடுகிறாய்?" என்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காப்பி_ஃப்ரம்_யூசர் பைட்டுகளை அள்ளி வருவதோடு சரி. சொல் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய பைட்டைக் கடைசியில் வைப்பது உங்கள் வேலை. ப்ராக் கோப்பில் எழுதும் நிரல் அதை அனுப்பாது, கர்னலும் சேர்க்காது (ப்ராக் போன்ற இன்னொரு மெய்நிகர் கோப்பகமான சிஸ்எஃப்எஸ்ஸில் சேர்த்தே தருவார்கள், அதில் பழகியவர்கள் இங்கே வந்து வழுக்குவது வழக்கம்). பூஜ்யம் கண்ணில் படும்வரை, லாகில் எழுதும் பிரின்ட்கே அச்சிட்டுக்கொண்டே போகும். நீங்கள் பார்க்கும் குப்பை, கர்னல் ஸ்டேக்கில் கிடந்த பழைய சரக்கு. அதில் ஒரு கர்னல் முகவரி இருந்து, லாகைப் படிக்க முடிந்தவர் கையில் அது சிக்கினால், கர்னல் முகவரிகளைக் கலைத்து மறைக்கும் கேஏஎஸ்எல்ஆர் பாதுகாப்பு போயிற்று. 63 பைட் வரை மட்டும் வாங்கி, வந்த நீளத்துக்கு அடுத்த இடத்தில் பூஜ்யம் வையுங்கள்.

வெட்டாதீர்கள், மறுத்துவிடுங்கள். வால் போன எண் வேறொரு செல்லுபடியான எண்ணாகிவிடும்; நீளம் மீறினால் பிழை எண்ணைத் திருப்புவதே யோக்கியம். இன்னொன்று, காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்புவது நகலெடுக்க முடியாமல் போன பைட்டுகளின் எண்ணிக்கை. பூஜ்யத்தைவிடக் குறைவா என்று சோதித்தால் அந்தச் சோதனை ஒருநாளும் பிழையைப் பிடிக்காது.

'ஆன்' பொருந்தாததற்குக் காரணம் எக்கோ கட்டளை ஒட்டிவிடும் நியூலைன் (வரி முடிவு எழுத்து). நீங்கள் இரண்டு பைட் எதிர்பார்க்கிறீர்கள், வருவது மூன்று. கர்னலின் ஒப்பீட்டுச் சார்பான சிஸ்எஃப்எஸ்_ஸ்ட்ரெக் அந்த நியூலைனைப் பொருட்படுத்தாது. ஆம், இல்லை என்று முடிவுசெய்யும் கேஸ்ட்ர்டுபூல் இன்னும் தாராளம்: ஆங்கில 'ஓ', அதையடுத்து 'என்' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் ஆம் என்றே எடுத்துக்கொள்ளும். எனக்கு அந்தத் தாராளம் பிடிப்பதில்லை. யூசர் தந்த பஃபரையே ஃபார்மட் சரமாக (அச்சிடும் வடிவத்தைச் சொல்லும் சரம்) பிரின்ட்கேயிடம் கொடுக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் வெளியான சிவிஇ-2022-0185ஐ (ஒரு கர்னல் பாதுகாப்பு ஓட்டையின் பதிவு எண்) படிக்கச் சொல்லுங்கள். மவுன்ட் (கோப்பு அமைப்பை இணைத்தல்) விருப்பங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் வாங்கி 4096 பைட் நினைவகப் பக்கம் ஒன்றில் ஒட்டிக்கொண்டே போகும் நிரலில் இருந்த ஓட்டை அது. இதுவரை சேர்ந்த நீளத்தை 4094இலிருந்து கழித்து, புதிதாக வந்தது அந்த மிச்சத்தைவிடப் பெரியதா என்று பார்த்தார்கள். சேர்ந்தது 4095 ஆகிவிட்டால்? அன்சைன்ட் (குறியில்லாத) எண் கணக்கில் மைனஸ் ஒன்று கிடையாது, அது பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். அப்புறம் எவ்வளவு நீளமாக எழுதினாலும் சோதனையில் தேறிவிடும், எழுத்து பக்கத்துக்கு வெளியே போய் விழும். திருத்தம் ஒரே வரி, கழித்தலைக் கூட்டலாக்கினார்கள்.

அந்த அழைப்புக்கும் நிர்வாகி அதிகாரம் வேண்டும்தான். ஆனால் பல கணினிகளில் சாதாரண யூசரே தனக்கென ஒரு யூசர் நேம்ஸ்பேஸ் (தனி அதிகாரக் கணக்குள்ள ஓர் எல்லை) உருவாக்கி, அதற்குள் அந்த அதிகாரத்தைப் பெற்றுவிட முடியும். கன்டெய்னரிலிருந்து (நிரல்களைத் தனியே அடைத்து வைக்கும் சூழல்) வெளியே குதிக்க இந்த ஓட்டை வழி செய்தது அப்படித்தான். உங்கள் ப்ராக் கோப்பை நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் அந்த ரூட் தொட முடியாது, உண்மை. நாளைக்கு யாராவது அனுமதியை 0666 (யாரும் எழுதலாம்) என்று மாற்றும்வரை! தவிர, கர்னலின் 5.4 பதிப்பில் லாக்டவுன் என்ற பாதுகாப்பு வசதி வந்ததே ரூட்டிடமிருந்தும் கர்னலைக் காக்கத்தான்.

மெய்நிகர் கணினியில் கேசான் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்ட கர்னலில் 63, 64, 65 பைட் எழுதிப் பாருங்கள், எல்லை தாண்டினால் கத்தும். ஆனால் இரண்டே பைட் எழுதிவிட்டு, பஃபருக்குள்ளேயே மிச்சமிருக்கும் பழைய பைட்டுகளைப் படித்தால் கேசான் வாய் திறக்காது. அதைப் பிடிக்க, மதிப்பு வைக்காத நினைவகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்கும், கர்னல் 6.1இல் சேர்ந்த கேஎம்சான் வேண்டும், கர்னலை கிளாங் கம்பைலரில் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.