ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு உறவான ஸ்காட்ஸ் மொழியில் அடைக்கலத்தைக் குறிக்கும் 'பீல்ட்' என்ற பழைய சொல் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்று: வயலைக் குறிக்கும் 'ஃபீல்ட்' வேறு. இது 'பஸ்'ஸில் வரும் ப. காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற இடம்தான் பீல்ட்.

ஆனால் பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குத் துணிச்சல் என்றுதான் பொருள். துணிச்சலான என்று பொருள்படும் இன்றைய ஆங்கிலச் சொல் 'போல்ட்' இதற்கு நெருங்கிய சொந்தம். துணிச்சல் என்பது துணிச்சல் தருகிற ஆதரவாகி, அப்புறம் ஒதுங்கும் இடமாகவும் ஆகிவிட்டது. தெற்கு ஆங்கிலத்தில் சொல் மறைந்துபோக, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் தங்கிவிட்டது.

அது தங்கியதில் ஆடுகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அந்தப் பக்கத்து மொட்டைக் குன்றுகளில் ஆடுகளுக்காகக் கட்டிய கல் சுவருக்கும் பீல்ட் என்றே பெயர். கூரை கிடையாது. சில சுவர்களைச் சிலுவை வடிவில் கட்டியிருப்பார்கள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதாவது ஒரு மூலையில் மறைவு கிடைக்கும். எளிய வேலை, ஆனால் நல்ல மூளை!

சொல்லை நன்றாகப் புழங்கியவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். தன் ஏர் புரட்டிப்போட்ட டெய்சிப் பூவைப் பற்றி 1786-இல் வெளிவந்த கவிதையில், தோட்டத்துப் பூக்களுக்கு மரமும் மதிலும் காவல், உனக்கோ ஏதோ ஒரு மண்கட்டியோ கல்லோதான் பீல்ட் என்கிறார். 1794-இல் ஒரு கடிதத்தில் விளையாட்டாகத் தனக்கொரு குலச்சின்னம் வகுத்துக்கொண்டபோது, அதில் எழுத ஒரு ஸ்காட்டியப் பழமொழியைத் தேர்ந்தெடுத்தார்: 'பீல்டே இல்லாததற்குச் சின்னப் புதரே தேவலை.'

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1796 பாட்டு. கடைசி நோயில் கிடந்த தன்னைக் கவனித்துக்கொண்ட ஜெஸ்ஸி லூவர்ஸ் என்ற இளம்பெண்ணுக்காக எழுதியது. துன்பப் புயல் உன்னைச் சூழ்ந்தால் என் நெஞ்சே உனக்கு பீல்ட் என்கிறார். படுக்கையில் கிடப்பவர், பணிவிடை செய்பவளுக்கு அடைக்கலம் தருகிறாராம்! அந்த ஜூலையில் 37 வயதில் இறந்துபோனார்.

சொல் இன்னும் முழுசாகச் சாகவில்லை. முதியோருக்கு வீடு தரும் ஸ்காட்டிய அமைப்பு ஒன்று, 1971-இல் தொடங்கியது, இதையே பெயராக வைத்திருக்கிறது. காற்றுப் படாத இடத்தை 'பீல்டி' என்றும் சொல்வதுண்டு.